பில் ஷார்மன்: செல்டிக்ஸ் கூடைப்பந்தும் டாட்ஜர்ஸ் மைனர் லீக் பேஸ்பாலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில் ஷார்மன் யார்?

1950களில் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் கார்டாக (வளையத்துக்குத் தள்ளி நின்று பந்தைக் கடத்தியும் எறிந்தும் ஆடுபவர்) ஆடியவர். பாப் கூஸி பந்தைக் கொண்டுவருவார், ஷார்மன் எறிவார். செல்டிக்ஸுடன் 1957, 1959, 1960, 1961 ஆகிய நான்கு ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏயின் கோப்பையை வென்றார். கூடைப்பந்தில் பெயர் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1950 முதல் 1955 வரை, புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் நிறுவனத்தின் மைனர் லீக் (உச்சமான மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) அணிகளில் அவுட்ஃபீல்டராகவும் (வெளிக்களத்தில் நிற்பவர்) ஆடினார்.

பிறந்தது 1926 மே 25 அன்று, டெக்சஸ் மாநிலத்தின் அபிலீனில். பள்ளிப் படிப்பு கலிபோர்னியாவின் போர்ட்டர்வில் ஊரில். 1944 முதல் 1946 வரை கடற்படைப் பணி. பிறகு தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். 1950இல் அங்கிருந்து வெளியே வந்தபோது இரண்டு விளையாட்டுகளும் அவரைக் கேட்டன. இரண்டுக்கும் சம்மதம் சொன்னார்.

ஒரே ஆள் இரண்டு தொழில்முறை விளையாட்டுகளில் ஆட நாள்காட்டி எப்படி இடம் கொடுத்தது?

பேஸ்பால் கோடைகால ஆட்டம். ஏப்ரல் நடுவில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். என்பிஏ பருவம் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து மார்ச் நடுவில் முடிந்துவிடும். அன்று பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளும் குறைவு. இன்றுபோல ஜூன் வரை கூடைப்பந்து இழுத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சிக்கல் வருவது மார்ச்சில். பேஸ்பால் அணிகள் பிப்ரவரி இறுதியிலேயே தெற்கே போய் வசந்தகாலப் பயிற்சியைத் தொடங்கிவிடும். யாருக்கு எந்த அணியில் இடம் என்பது அந்த ஐந்தாறு வாரங்களில்தான் முடிவாகும். அந்த நேரத்தில் கூடைப்பந்து வீரர் பிளேஆஃபில் ஆடிக்கொண்டிருப்பார். பந்துவீச்சைக் கண்ணுக்குப் பழக்கப்படுத்தும் வாரங்களும், மேலாளரின் கண்ணில் படும் வாரங்களும் அவருக்கு இல்லாமல் போகும்.

உழைப்பையும் எண்ணிப் பாருங்கள். 1952 கோடையில் ஷார்மன் ஆடிய லீகின் பருவம் சுமார் 150 ஆட்டங்கள். அது முடிந்த கையோடு தொடங்கிய 1952–53 பருவத்தில் செல்டிக்ஸ் ஆடியது 71 ஆட்டங்கள். இவற்றுக்கிடையே பேருந்துப் பயணமும் ரயில் பயணமும். ஓய்வு என்று சொல்லத்தக்கது அக்டோபரில் சில வாரங்கள் மட்டுமே.

மைனர் லீக் என்றால் இரண்டாந்தர ஆட்டமா?

அப்படி எண்ணுவது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. 1950இல் மேஜர் லீகில் மொத்தமே 16 அணிகள். அதற்குக் கீழே டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஏ, பி, சி, டி என்று படிப்படியாக இறங்கும் மைனர் லீகுகள். 1949இல் அவற்றின் எண்ணிக்கை 59. ஒவ்வொரு லீகிலும் ஆறு முதல் எட்டு அணிகள். ஆயிரக்கணக்கான வீரர்கள் 16 அணிகளின் சில நூறு இடங்களுக்காக மோதிய காலம் அது. டிரிபிள்-ஏ வரை ஏறியவர் நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் கூட்டத்தின் வாசலில் நிற்பவர்.

மேஜர் லீக் அணி ஒன்று தன் கட்டுப்பாட்டில் பல மைனர் அணிகளை வைத்துக்கொண்டு, அவற்றில் வீரர்களை வளர்த்து மேலே ஏற்றும் ஏற்பாட்டைப் பண்ணை முறை என்பார்கள். பிராஞ்ச் ரிக்கி அதை முதலில் செயின்ட் லூயிஸில் கட்டியெழுப்பி, பிறகு புரூக்ளினில் பெருக்கினார். 1951இல் டாட்ஜர்ஸுக்கு மான்ட்ரியால், செயின்ட் பால் என இரண்டு டிரிபிள்-ஏ அணிகள், ஃபோர்ட் வொர்த், மொபீல் என இரண்டு டபுள்-ஏ அணிகள். இவற்றின் கீழே இன்னும் பல. ஷார்மனுக்கு முன்னால் நின்ற வரிசையின் நீளம் இதிலிருந்தே தெரியும்.

எந்தெந்த ஆண்டில் எந்தெந்த அணி?

1950இல் எல்மைரா, பியூப்ளோ. இரண்டும் ஏ நிலை அணிகள். 1951இல் டெக்சஸ் லீகின் ஃபோர்ட் வொர்த், டபுள்-ஏ. 1952இல் அமெரிக்கன் அசோசியேஷனின் செயின்ட் பால், டிரிபிள்-ஏ. 1953இல் சதர்ன் அசோசியேஷனின் மொபீல், மறுபடி டபுள்-ஏ. 1955இல் மீண்டும் செயின்ட் பால்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது 1952க்கும் 1953க்கும் இடையிலான இறக்கம். மூன்று ஆண்டுகளில் ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என ஏறியவர் நான்காம் ஆண்டில் ஒரு படி கீழே அனுப்பப்பட்டார். வீரரின் எதிர்காலத்தை நிறுவனம் எப்படி மதிப்பிட்டது என்பதைச் சராசரி எண்களைவிட இத்தகைய படிமாற்றங்கள் தெளிவாகச் சொல்லும்.

1952இல் அவருடைய பேட்டிங் சராசரி 0.294. அது நல்ல எண்ணா?

நல்ல எண். கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேஸ்பாலில் சராசரி என்பது ஹிட்களை அட்-பேட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் வாக், சாக்ரிஃபைஸ் பன்ட், உடலில் பந்து படுவது ஆகியவை அட்-பேட் கணக்கில் சேரா. 0.294 என்றால் ஆயிரம் அட்-பேட்டுகளுக்கு 294 ஹிட். 0.300ஐத் தாண்டுபவரைச் சிறந்த பேட்டர் என்று கொண்டாடும் விளையாட்டு இது.

அந்தப் பருவத்தில் அவர் 16 ஹோம் ரன் அடித்தார், 77 ரன்கள் வரக் காரணமானார். டிரிபிள்-ஏ பந்துவீச்சுக்கு எதிராக, வசந்தகாலப் பயிற்சி முழுமையாக இல்லாதவருக்கு, இது மெச்சத்தக்க ஆட்டம். ஆனால் ஓர அவுட்ஃபீல்டரிடம் அணிகள் எதிர்பார்ப்பது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் பலம். 16 என்பது போதும் என்ற அளவுதான். ஏற்கெனவே இருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்த்தும் அளவு இல்லை.

ஏன் டாட்ஜர்ஸுக்காக ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை?

அந்த அணியின் அவுட்ஃபீல்டில் நடுவில் டியூக் ஸ்னைடர், வலப்பக்கம் கார்ல் ஃபுரில்லோ. 1951 ஜூனில் இடப்பக்கத்துக்கு ஆண்டி பாஃப்கோவையும் சிகாகோவிலிருந்து வாங்கினார்கள். மூவரும் நிலைபெற்றவர்கள். வேறு நிறுவனத்துக்குப் போய் வாய்ப்புத் தேடலாமே என்றால், அன்றைய ரிசர்வ் விதி அதற்கு வழிவிடவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரர் அதே நிறுவனத்துக்கே உரியவர். அவராக வேறு அணிக்குப் போக முடியாது.

ஒரு முறை மட்டும் கதவு திறந்தது. செப்டம்பரில் மேஜர் அணிகள் கூடுதல் வீரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 1951இல் ஃபோர்ட் வொர்த் பருவம் முடிந்ததும் ஷார்மனைப் புரூக்ளின் அழைத்தது. அது சாதாரணமான செப்டம்பராக இருந்திருந்தால், முடிவான ஆட்டங்களில் புதியவர்களை இறக்கிப் பார்த்திருப்பார்கள். ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் ஜயண்ட்ஸைவிட 13½ ஆட்டம் முன்னே இருந்த டாட்ஜர்ஸின் முன்னிலை, செப்டம்பரில் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் உயிர்நாடியான நிலையில் எந்த மேலாளரும் புதுமுகத்தைக் களமிறக்க மாட்டார். திறமைக் குறைவைவிட இந்தக் காலப் பொருத்தமின்மைதான் அவருடைய பேஸ்பால் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

"ஒரு ஆட்டமும் ஆடாமலே மேஜர் லீகில் வெளியேற்றப்பட்ட ஒரே வீரர்" என்று எழுதுகிறார்களே, உண்மையா?

இணையத்தில் ஷார்மன் பெயரோடு அதிகம் சுற்றும் வரி இது. பாதி உண்மை. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் எது உண்மை, எது ஒட்டவைத்தது என்று புரியும்.

1951 செப்டம்பர் 27, பாஸ்டனின் பிரேவ்ஸ் ஃபீல்டு. எட்டாவது இன்னிங்ஸ், 3–3 சமநிலை. மூன்றாம் தளத்தில் பிரேவ்ஸ் அணியின் பாப் ஆடிஸ். ஏர்ல் டார்ஜசன் தரையோடு அடித்த பந்தை ஜாக்கி ராபின்சன் எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். டாட்ஜர்ஸ் கேட்சர் ராய் கேம்பனெல்லா ஓடிவந்த ஆடிஸைத் தொட்டார். அம்பயர் ஃபிராங்க் டாஸ்கோலி சேஃப் (ஆட்டமிழக்கவில்லை, ரன் செல்லும்) என்றார். கேம்பனெல்லா கையுறையைத் தரையில் அடித்தார், உடனே வெளியேற்றப்பட்டார். பயிற்சியாளர் குக்கி லாவஜெட்டோவும் வெளியேறினார். வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து கூச்சல் அடங்காததால், பெஞ்சில் இருந்த எல்லோரையும் உடை மாற்றும் அறைக்குப் போகச் சொன்னார் அம்பயர். அந்தக் கூட்டத்தில் ஷார்மனும் எழுந்து போனார். பிரேவ்ஸ் 4–3 என வென்றது.

இதில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. கேம்பனெல்லா வெளியேற்றப்பட்டவர். அவர் அன்று திரும்ப ஆட முடியாது. பெஞ்சில் இருந்தவர்கள் டக்அவுட்டைவிட்டு அகற்றப்பட்டவர்கள். தேவைப்பட்டால் அவர்களை மேலாளர் அழைத்து இறக்கலாம். அழைக்கவும் செய்தார்கள்: ஒன்பதாவது இன்னிங்ஸில் வெய்ன் டெர்வில்லிகர் மாற்று பேட்டராக வந்தார். அவரும் பெஞ்ச் காலிசெய்யப்பட்டபோது போனவர்தான். ஆகவே விதிப்படி பார்த்தால் ஷார்மன் 'வெளியேற்றப்பட்டார்' என்பதே சரியில்லை. 'ஒரே வீரர்' என்பது அதற்கு மேல் ஒட்டவைத்த அலங்காரம்.

இந்த வரியால் நேரும் இழப்பு வேறு. டிரிபிள்-ஏவில் 0.294 அடித்தவர் ஒரு வினாடிவினா விடையாகச் சுருங்கிப்போகிறார்.

பாபி தாம்சனின் ஹோம் ரன் அன்று அவர் அங்கே இருந்தாரா?

இருந்தார். பருவ முடிவில் இரு அணிகளும் 96 வெற்றி, 58 தோல்வியுடன் சமநிலையில் நின்றதால் மூன்று ஆட்டத் தொடர் நடந்தது. 1951 அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ரால்ஃப் பிராங்கா வீசிய பந்தை ஜயண்ட்ஸின் தாம்சன் இடப்பக்க இருக்கைகளுக்கு அனுப்பினார். ஜயண்ட்ஸ் 5–4 என வென்று லீக் பட்டத்தை எடுத்துக்கொண்டது. தோற்ற அணியின் டக்அவுட்டில் இருந்து ஷார்மன் அதைப் பார்த்தார்.

அதே ஆண்டில் கூடைப்பந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1951ஐ மாதவாரியாக வைத்துப் பார்ப்பது நல்லது. 1950 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) வாஷிங்டன் கேபிடல்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்திருந்தது. என்பிஏ ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரரான ஏர்ல் லாயிட் அந்தப் பருவத்தில் அவருடைய சக வீரர். ஷார்மன் 31 ஆட்டங்களில் சராசரி 12.2 புள்ளிகள் எடுத்தார். ஜனவரி 9 அன்று, 10 வெற்றி 25 தோல்வி என்ற நிலையில், பணமின்றி அந்த அணியே கலைந்தது. பருவத்தின் நடுவில் வேலை போயிற்று.

கலைந்த அணியின் வீரர்களை மற்ற அணிகள் பங்கிட்டபோது ஷார்மனின் உரிமை ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸுக்குப் போனது. அவர் அங்கே போய் ஆடவில்லை. வசந்தத்தில் பேஸ்பாலுக்குப் போனார். செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் இங்கே ஒரு வாய்ப்பைக் கண்டார். 1950 டிராஃப்டின் முதல் தேர்வாகச் செல்டிக்ஸ் எடுத்திருந்த உயரமான வீரர் சக் ஷேர், வேறு லீக் அணிக்குப் போயிருந்தார். ஷேரின் உரிமையை ஃபோர்ட் வெய்னுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஷார்மனையும் பாப் பிரானமையும் வாங்கினார். செல்டிக்ஸ் வரலாற்றின் மிகச் சிறந்த பரிமாற்றங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஆக, ஜனவரியில் அணி கலைந்தது, கோடையில் ஃபோர்ட் வொர்த், செப்டம்பரில் பாஸ்டனின் பேஸ்பால் டக்அவுட்டிலிருந்து அகற்றப்பட்டது, அக்டோபரில் போலோ கிரவுண்ட்ஸ் தோல்வி, நவம்பரில் அதே பாஸ்டனில் செல்டிக்ஸ் சீருடை. ஒரே ஆண்டு.

கூடைப்பந்தில் அவருடைய தனித்தன்மை என்ன?

ஒரு கையால், சீக்கிரமாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எறிவது. கார்டுகள் தூரத்திலிருந்து இரண்டு கையால் எறிந்துகொண்டிருந்த காலத்தில், நூறு எறிதலுக்கு நாற்பதுக்கும் மேல் உள்ளே போட்ட முதல் கார்டு அவர். என்பிஏயில் மொத்தம் 711 ஆட்டம், 12,665 புள்ளி, சராசரி 17.8. லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானார். 1955 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 15 புள்ளி எடுத்துச் சிறந்த வீரர் விருது பெற்றார். அதில் 10 புள்ளி கடைசிக் கால்பகுதியில் வந்தவை.

எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோதான் அவருடைய அடையாளம். வாழ்நாள் கணக்கு 3,559க்கு 3,143. அதாவது 88.3 சதவீதம். ஏழு பருவங்களில் லீகிலேயே முதலிடம். 1958–59இல் 367க்கு 342. 93.2 சதவீதம். ஒரு பருவம் முழுக்கத் தவறவிட்டது 25 தான். 1959 பிளேஆஃபில் தொடர்ந்து 56 ஃப்ரீ த்ரோ போட்டார்.

ஃப்ரீ த்ரோவில் அப்படி என்ன கஷ்டம்? யாரும் தடுக்காமல் எறிவதுதானே?

அளவுகளைப் பாருங்கள். கோடு, பேக்போர்டின் முகத்திலிருந்து 15 அடி. வளையத்தின் மையம் பேக்போர்டுக்கு 15 அங்குலம் முன்னால் இருப்பதால், மையத்துக்கான கிடைத்தூரம் 13 அடி 9 அங்குலம், சுமார் 4.19 மீட்டர். வளையம் 10 அடி உயரத்தில். அதன் உள்விட்டம் 18 அங்குலம், பந்தின் விட்டம் சுமார் 9.4 அங்குலம். நேர் மேலிருந்து விழுந்தால் தாராளமான இடம் இருக்கிறது. ஆனால் பந்து சாய்வாக வருகிறது. 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு அந்த வாய் 12.7 அங்குலமாகத் தெரியும். 30 டிகிரியில் 9 அங்குலம்தான், பந்தே கொள்ளாது. சுமார் 32 டிகிரிக்குக் கீழே வரும் எறிதல் விளிம்பைத் தொடாமல் உள்ளே போக வழியே இல்லை. தட்டையாக எறிபவர்கள் ஏன் அடிக்கடி முன் விளிம்பில் இடிக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

தவறுகள் பொதுவாக இவ்வளவுதான்: முழங்கை வெளியே விரிந்தால் பந்து பக்கவாட்டில் விலகும். முழங்கால் மடங்காமல் கையால் மட்டும் தள்ளினால், கால் சோர்ந்த நான்காம் கால்பகுதியில் பந்து குட்டையாக விழும். எறிந்த கையை முடிவதற்குள் இழுத்துக்கொண்டால் சுழற்சி குறைந்து, விளிம்பில் பட்ட பந்து மென்மையாக உள்ளே உருளாமல் துள்ளி வெளியே போகும். பக்கவாட்டுத் தவறு, தூரத் தவறு இரண்டில் முதலாவதை முதலில் திருத்த வேண்டும். நேராகப் போகும் பந்துக்குத் தூரத்தில் கொஞ்சம் பிசகினாலும் வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

முறை ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. 1966–67இல் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸில் ஷார்மனின் பயிற்சியில் ஆடிய ரிக் பாரி, இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடுபவர். அவருடைய என்பிஏ வாழ்நாள் சதவீதம் ஷார்மனுடையதைவிடச் சற்று அதிகம்கூட. இருவருக்கும் பொது: ஒவ்வொரு முறையும் அதே செயல், அதே வேகம்.

அவர் எப்போதும் சரியாகவே எறிந்தாரா?

இல்லை. 1957 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு எதிராக. ஷார்மன் 20 எறிதலில் 3, கூஸி 20இல் 2. அணியின் இரு தூண்களும் சேர்ந்து 40க்கு 5. அப்படியும் புதுமுகங்கள் டாம் ஹைன்சனும் பில் ரஸ்ஸலும் தாங்கிப்பிடிக்க, இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பின் 125–123 எனச் செல்டிக்ஸ் தன் முதல் கோப்பையை வென்றது.

இரண்டு விளையாட்டுகளை மாற்றி மாற்றி ஆடும்போது உடம்பில் எது முதலில் கெடும்?

பலரும் கால் என்று நினைப்பார்கள். பேஸ்பாலில் முதலில் அடிவாங்குவது நேரக் கணிப்பு. பந்துவீச்சு மேட்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 0.4 வினாடியில் வந்துவிடும். அதற்குள் அது நேர்ப்பந்தா வளைபந்தா என்று கண்டு, அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளைப் பார்த்தால்தான் இது கண்ணில் படியும். ஐந்து மாதம் கூடைப்பந்து ஆடிவிட்டு வருபவர், வேகப்பந்தைச் சமாளித்துவிடுவார். மெதுவாகி வளையும் பந்துக்கு முன்னதாகவே மட்டையைச் சுழற்றி ஏமாறுவார்.

அடுத்தது தோள். கூடைப்பந்தில் கை மேலே தள்ளும். அவுட்ஃபீல்டிலிருந்து எறியும்போது கை பின்னே சென்று சுழன்று வரும். படிப்படியாகத் தூரத்தைக் கூட்டாமல் முதல் வாரத்திலேயே முழு வலுவுடன் எறிந்தால் தோள் முன்புறம் வலி பிடிக்கும். எறியும் கையும் ஷூட் செய்யும் கையும் ஒன்றே என்பதால் அந்த வலி நவம்பர் வரை தொடர்ந்தால் இரண்டு சம்பளமும் ஆபத்தில்.

பேஸ்பாலை எப்போது விட்டார்?

1955 பருவத்தோடு. அப்போது வயது 29. செல்டிக்ஸில் ஆண்டுதோறும் ஆல்-ஸ்டார், பேஸ்பாலில் இன்னமும் செயின்ட் பால். அடுத்த ஆண்டு பில் ரஸ்ஸல் செல்டிக்ஸுக்கு வந்தபின், பிளேஆஃப் ஏப்ரல் நடுவரை நீளும் அணியாக அது மாறியது. தொடர்ந்திருந்தாலும் நாள்காட்டி இடம் கொடுத்திருக்காது.

அவரைப் போல இரண்டும் ஆடிய வேறு யார் இருந்தார்கள்?

அதிகம் குழப்பப்படுபவர் சக் கானர்ஸ். அவரும் செல்டிக்ஸ், அவரும் டாட்ஜர்ஸ். ஆனால் அவர் 1946இல் செல்டிக்ஸ் தொடங்கிய காலத்து வீரர். முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன் பேக்போர்டை உடைத்தவர். டாட்ஜர்ஸுக்காக 1949இல் ஒரே ஒரு அட்-பேட், 1951இல் சிகாகோ கப்ஸுக்காக 66 ஆட்டம். பிறகு தொலைக்காட்சி நடிகராகிப் புகழ்பெற்றார்.

நேட் 'ஸ்வீட்வாட்டர்' கிளிஃப்டன், கிளீவ்லாந்து நிறுவனத்தின் மைனர் அணிகளில் ஆடிவிட்டு 1950இல் நியூயார்க் நிக்ஸில் சேர்ந்தவர். என்பிஏயின் முதல் கறுப்பின வீரர்களில் ஒருவர். ஷார்மனின் செல்டிக்ஸ் சகாவான ஜீன் கான்லி இன்னொரு உச்சம். 1957இல் மில்வாக்கி பிரேவ்ஸுடன் உலகத் தொடர் வெற்றி, 1959, 1960, 1961இல் செல்டிக்ஸ் கோப்பை.

மைக்கேல் ஜோர்டனோடு ஒப்பிடலாமா?

எண்களை வைத்து ஒப்பிடலாம். ஜோர்டன் 1994இல் டபுள்-ஏ நிலையில் பர்மிங்காம் பேரன்ஸுக்கு 127 ஆட்டம் ஆடி 0.202 அடித்தார், 3 ஹோம் ரன். ஷார்மனின் 0.294 ஒரு படி மேலே, டிரிபிள்-ஏவில். ஆனால் ஜோர்டன் பல்லாண்டு இடைவெளிக்குப்பின் 31 வயதில் மட்டையைத் தொட்டவர். ஷார்மன் நிறுத்தாமல் ஆடிவந்தவர். ஷார்மன் சிறந்த பேஸ்பால் வீரர் என்று சொல்ல இது போதும். ஜோர்டனைக் குறைத்துப்பேச இது ஆதாரமாகாது.

'ஷூட்அரவுண்ட்' அவர் கொண்டுவந்ததா?

ஆம். இன்று என்பிஏ அணிகளிடம் ஆட்ட நாள் காலையில் லேசான பயிற்சி என்பது வழக்கமாக இருக்கிறது. அதன் வேர் ஷார்மன். வீரராக இருந்தபோது ஆட்ட நாளில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், காலையில் பக்கத்துப் பள்ளி அரங்குக்குப் போய்ச் சிறிது நேரம் எறிந்துவிட்டு வருவார். அந்த நாட்களில் மாலை ஆட்டம் கூடுதலாக நன்றாக அமைவதைக் கவனித்தார். அதையே வழக்கமாக்கினார். 1961இல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீகின் லாஸ் ஏஞ்சலஸ் ஜெட்ஸுக்குப் பயிற்சியாளரானபோது அணி முழுவதற்கும் கொண்டுவந்தார்.

செய்முறை எளிது. காலை பத்து, பதினொரு மணிவாக்கில் கூடுவது. உடம்பைச் சூடேற்றி, ஒவ்வொருவரும் ஆட்டத்தில் தாம் எறியும் இடங்களிலிருந்து மட்டும் எறிவது. எதிரணியின் சில நகர்வுகளை நடைவேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. வியர்வை வந்ததும் நிறுத்துவது. பயன் மூன்று வகை: தசைக்கு நினைவு, வெளியூர் அரங்கின் வளையமும் வெளிச்சமும் கண்ணுக்குப் பழக்கம், வீரர்கள் முந்தைய இரவு நேரத்தோடு தூங்கப் போவது. கெடுவதும் ஒரே வழியில்தான்: பயிற்சியாளர் ஆசைப்பட்டு அதை முழுப் பயிற்சியாக நீட்டினால், மாலையில் கால் இருக்காது.

1971இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு வந்தபோது பெரும் கேள்வி வில்ட் சேம்பர்லின். இரவு வெகுநேரம் விழித்திருந்து காலையில் தூங்குபவர். காலைப் பயிற்சிக்கு வரச் சம்மதிப்பாரா என்று எல்லோரும் பார்த்தார்கள். பலன் தரும்வரை வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு வந்தார். நவம்பர் 5 முதல் 1972 ஜனவரி 7 வரை லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் வென்றது. பருவக் கணக்கு 69 வெற்றி, 13 தோல்வி. இறுதியில் நிக்ஸை 4–1 என வீழ்த்தி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபின் முதல் கோப்பை. அந்தப் பருவம் முழுக்கக் கத்திக் கத்தி ஷார்மனின் குரல் நாண் நிரந்தரமாகக் கெட்டுப்போனது. பிற்காலத்தில் கரகரத்த மெல்லிய குரலில்தான் பேசினார்.

மூன்று லீகுகளில் கோப்பை என்பது எப்படி?

1962இல் கிளீவ்லாந்து பைப்பர்ஸுடன் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக், 1971இல் யூட்டா ஸ்டார்ஸுடன் ஏபிஏ (என்பிஏக்குப் போட்டியாக இருந்த லீக்), 1972இல் லேக்கர்ஸுடன் என்பிஏ. ஜெட்ஸ் அணி 1962 ஜனவரியில் கலைந்ததால் பருவத்தின் நடுவில் கிளீவ்லாந்துக்கு மாறியவர் அவர். தாம் இருந்த அணி ஜனவரியில் கலைவது அவருக்கு இரண்டாம் முறை. வீரராக 1976இலும் பயிற்சியாளராக 2004இலும் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டு வகையிலும் இடம்பெற்ற மூன்றாமவர். முன்னிருவர் ஜான் வுடன், லென்னி வில்கன்ஸ். 2013 அக்டோபர் 25 அன்று காலமானார்.

அவரைப் பற்றி எழுதும்போது எந்தெந்தப் பிழைகள் அடிக்கடி வருகின்றன?

'டாட்ஜர்ஸ் வீரர்' என்று எழுதுவது. அணிப் பட்டியலில் பெயர் இருந்தது, ஆட்டப் பதிவில் இல்லை. மேஜர் லீக் வீரர் என்று எண்ண, ஓர் ஆட்டத்திலாவது களமிறங்கியிருக்க வேண்டும். 'டாட்ஜர்ஸ் நிறுவனத்தின் மைனர் லீக் வீரர்' என்பதே சரி.

ஆண்டுகளைக் கலப்பது அடுத்தது. பேஸ்பால் பருவம் ஒரே ஆண்டுக்குள் அடங்கும், 1952 என்றால் 1952. கூடைப்பந்துப் பருவம் இரண்டு ஆண்டைத் தொடும். '1952இல் ஷார்மன்' என்று மட்டும் எழுதினால் எந்தச் செல்டிக்ஸ் பருவம் என்று தெரியாது. 1951–52, 1952–53 என்று இரண்டு ஆண்டும் சேர்த்தே எழுதுங்கள். மைனர் லீக் எண்களைத் தரும்போது பக்கத்தில் லீக் நிலையையும் குறியுங்கள். ஏ நிலையில் எடுத்த சராசரியையும் டிரிபிள்-ஏவில் எடுத்ததையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால், அவர் எந்தத் தரப் பந்துவீச்சை அடித்தார் என்பதே மறைந்துபோகும்.

ஸ்டார்ஸ் அணியின் ஊரும் தடுமாற வைக்கும். ஷார்மன் பொறுப்பேற்றபோது அது லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டார்ஸ், 1970இல் யூட்டாவுக்கு மாறியது, 1971 கோப்பை யூட்டாவின் பெயரில்.